பிள்ளைக்கு வரும் இழுப்பு வலிப்புநோய் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு: இராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாக இராமேசுவரம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரையிலும் உள்ள ஊர்களில் பிள்ளைகளின் மனநலம் தொடர்பாகப் பெற்றோரோடு பேசிவருகிறேன். பிள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வந்து, ஸ்கேனும், மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யும் எடுத்துப் பார்த்து, கடைசியில் "இது ஃபிட்ஸ் நோய் இல்லை, டென்ஷன்தான்" என்ற ஒற்றை வரியோடு வீடு திரும்பியவர்கள் அவர்களில் பலர். அந்த ஒற்றை வரி அவர்களுக்கு ஆறுதலாகவும் இருப்பதில்லை, வழிகாட்டுவதும் இல்லை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நேரில் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இது மருத்துவரின் பரிசோதனைக்கு மாற்றாகாது. அந்தப் பரிசோதனை முடிந்த பிறகு வீட்டில் தொடங்கும் வேலைக்கு உதவவே இதை எழுதுகிறேன்.

வலிப்புநோய் இல்லை என்றால், என் பிள்ளைக்கு வருவதுதான் என்ன?

வலிப்புநோயில் மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளியிடுகின்றன. கை கால் வெட்டி இழுப்பதும் நினைவு தப்புவதும் அதன் விளைவு. உங்கள் பிள்ளைக்கு வரும் தாக்கத்திலும் கை கால் உதறுகிறது, பிள்ளை விழுகிறது, கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. ஆனால் அந்த நேரத்தில் மூளையில் அப்படிப்பட்ட மின்வீச்சு எதுவும் இல்லை. உடலை இயக்குவதும் தன்னுணர்வோடு இருப்பதும் மூளையின் வேலைகள். தாங்க முடியாத அளவுக்கு உள்ளே அழுத்தம் ஏறும்போது மூளை அந்த வேலைகளைச் சிறிது நேரம் கைவிட்டுவிடுகிறது. மருத்துவர்கள் இதை 'நான் எபிலெப்டிக் சீஷர்' என்றும், இப்போது பெரும்பாலும் 'ஃபங்ஷனல் சீஷர்' என்றும் எழுதுவார்கள். பழைய மருத்துவச் சீட்டுகளில் 'ஹிஸ்டீரியா' என்று இருக்கும். அந்தச் சொல் பிள்ளையை அவமதிப்பதாக மாறிவிட்டதால் கைவிடப்பட்டுவருகிறது.

கடல்தொழில் செய்யும் அப்பாக்களுக்கு நான் ஓர் உவமை சொல்வதுண்டு. படகின் அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால், எஞ்சின் இரைகிறது, படகு நகர மறுக்கிறது. எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் பழுது ஒன்றும் தெரியாது. பழுது தெரியவில்லை என்பதற்காகப் படகு நன்றாகத்தான் இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீருக்குள் இறங்கிச் சிக்கலைப் பொறுமையாக எடுக்க வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்குப் பொருள் அதுதான்.

அப்படியானால் அவள் நடிக்கிறாளா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

நடிப்பு என்பது தெரிந்து செய்வது, வேண்டும்போது நிறுத்தக்கூடியது. இந்தத் தாக்கத்தைப் பிள்ளை தெரிந்து வரவழைப்பதில்லை; வந்தபின் அதை நிறுத்தவும் அவளால் முடிவதில்லை. சில பிள்ளைகளுக்குத் தாக்கத்தின்போது சுற்றி இருப்பவர்கள் பேசுவது கேட்கும், ஆனால் கண்ணைத் திறக்கவோ வாயைத் திறக்கவோ முடியாது. அந்த நிலையில் "எல்லாம் நாடகம், இரண்டு போடு போட்டால் எழுந்துவிடுவாள்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் அந்த வார்த்தையைப் பல மாதம் கழித்தும் மறக்கவில்லை. உண்மையா என்று சோதிப்பதற்காகக் கிள்ளுவது, ஊசியால் குத்துவது, மூக்கைப் பொத்துவது, முகத்தில் வாளித் தண்ணீரை அடிப்பது ஆகியவை வீட்டில் மட்டுமல்ல, சில சிகிச்சை அறைகளிலும் நடக்கின்றன. அவை எதையும் நிரூபிப்பதில்லை. பிள்ளையின் பயத்தைத்தான் கூட்டுகின்றன, பயம் அடுத்த தாக்கத்தை அருகில் கொண்டுவருகிறது.

அவளிடம் நேராக, இரண்டு பேரும் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் சொல்லுங்கள்: "நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். உன் மூளைல கோளாறு ஒண்ணும் இல்லைன்னும் டாக்டர் சொல்லிட்டாங்க. இது சரியாகக்கூடியது. நாம சேர்ந்து சரி பண்ணுவோம்." பிள்ளை இதை நம்பத் தொடங்கும் நாளில்தான் சிகிச்சை தொடங்குகிறது என்பது என் அனுபவம். மருத்துவர் நோயைத் தெளிவாக விளக்கிச் சொன்ன மாத்திரத்திலேயே தாக்கங்கள் குறைந்துவிடும் பிள்ளைகளும் உண்டு.

இ.இ.ஜி. சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதுமா? மருத்துவர் தவறாகச் சொல்லியிருந்தால்?

நியாயமான கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. வழக்கமாக அரைமணி நேரம் எடுக்கப்படும் இ.இ.ஜி. உண்மையான வலிப்புநோய் உள்ள பிள்ளைக்கும் இயல்பாக இருக்கக்கூடும், ஏனென்றால் அந்த அரைமணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்திருக்கலாம். ஆகவே இயல்பான இ.இ.ஜி.யை மட்டும் வைத்து வலிப்புநோய் இல்லை என்று முடிவு கட்டுவது சரியல்ல. மிக உறுதியான பரிசோதனை வீடியோ இ.இ.ஜி. பிள்ளையை மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் வைத்து, தாக்கம் வரும் நேரத்திலேயே உடலைக் கேமராவிலும் மூளையின் மின்னோட்டத்தைக் கருவியிலும் ஒருசேரப் பதிவு செய்வார்கள். உடல் உதறும்போது மின்னோட்டம் இயல்பாக இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எல்லாக் குடும்பத்தாலும் அந்தப் பரிசோதனைக்குப் போக முடிவதில்லை. அதற்கு அடுத்தபடியாக மருத்துவருக்கு மிகவும் உதவுவது உங்கள் கைப்பேசியில் எடுத்த ஒரு வீடியோ. தொடக்கத்திலிருந்து எடுங்கள், முகமும் கண்ணும் தெரிய வேண்டும், பிறகு முழு உடலும் தெரிய வேண்டும். கண்கள் இறுக மூடியிருப்பது, தலை இடவலமாக ஆடுவது, உதறல் நின்று நின்று மீண்டும் வருவது, பத்து இருபது நிமிடம் நீள்வது, இடையில் அழுவது ஆகியவை வலிப்புநோய் அல்லாத தாக்கத்தில் அதிகம் காணப்படுபவை. வலிப்புநோயில் பெரும்பாலும் கண்கள் திறந்திருக்கும். முழு உடல் இழுப்பு ஓரிரு நிமிடங்களில், அதிகம் போனால் மூன்று நிமிடங்களில் அடங்கும். நாக்கின் பக்கவாட்டில் கடிபடலாம். ஆனாலும் இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக வைத்து நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோர் எந்தத் தாக்கம் எது என்று பிரித்தறிய மருத்துவரிடம் வீடியோவோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். வீடியோ மருத்துவருக்காக மட்டுமே. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது.

ஓடும்போதோ நீந்தும்போதோ, கடுமையாக உழைக்கும்போதோ பிள்ளை சுருண்டு விழுந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், மனஅழுத்தம் என்று யார் சொன்னாலும் ஏற்காமல் முதலில் இ.சி.ஜி. எடுத்து இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவதாலும் வலிப்பு போன்ற தாக்கம் வரும். அதைத் தவறவிடக்கூடாது.

இரண்டு வயதுக் குழந்தை அழுது அழுது மூச்சடங்கி, நீலமாகி, துவண்டு விழுகிறது. இதுவும் அதுதானா?

இல்லை, அது வேறு. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் வரும் மூச்சடக்கம் அது. பார்க்கப் பயமாக இருந்தாலும் தானே தெளிந்துவிடும், வயது ஏற ஏற நின்றும்விடும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் கூடும் என்பதால் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டி இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் பள்ளிவயதுப் பிள்ளைகளையும் வளரிளம் பருவத்தினரையும் பற்றியது.

நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லையே, இது எதனால் வருகிறது?

நீங்கள் குறை வைத்ததால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே காரணம் என்று எதையும் சுட்டமுடியாத பிள்ளைகள் பலர். பள்ளியில் கேலி, படிப்பில் பின்தங்கல், யாருக்கும் தெரியாமல் இருந்துவரும், எழுத்துகள் குழம்பும் கற்றல் குறைபாடு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, வீட்டில் சண்டை, ஒரு மரணம், வயதுக்கு வந்த பிறகு திடீரெனக் குறுகிப்போன நடமாட்டம் ஆகிய எதுவும் ஒரு சுமையாகலாம். நன்றாகப் படிக்கும், யாரையும் எதிர்த்துப் பேசாத, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றே எப்போதும் சொல்லும் பிள்ளைக்கும் இது வரும். வாயால் சொல்லத் தெரியாததை, அல்லது சொல்ல இடம் இல்லாததை, உடல் சொல்லிவிடுகிறது.

நமது கடற்கரைக்கென்றே சில சுமைகள் உண்டு. அப்பா கடலுக்குப் போன இரவில் காற்று மாறினால் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. பெரியவர்கள் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று மெதுவாகப் பேசுவார்கள், பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால், அப்பா எப்போது வருவார் என்ற கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் கடனும் கோபமும் சேர்ந்து வரும். அம்மா விடியுமுன் கடல்பாசி எடுக்கப் போய்விட்டால், தம்பி தங்கையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது பன்னிரண்டு வயது அக்காளின் பொறுப்பாகும். இவற்றை எல்லாம் உடனே மாற்றிவிட உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்பா கரை திரும்பத் தாமதமாகும் என்றால் அதைப் பிள்ளையிடம் அதன் வயதுக்கேற்ற வார்த்தையில் சொல்லிவிடலாம். மறைத்து வைத்த செய்திதான் பிள்ளையை அதிகம் வாட்டுகிறது.

மனத்துக்குக் கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தாக்கம் வரும் பிள்ளைகளில் எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு, யாரோ தெரிந்தவர் உடலளவில் தவறாக நடந்துகொண்டது பின்னணியில் இருக்கும். பிள்ளையைக் குடைந்து விசாரிக்காதீர்கள். "என்ன நடந்திருந்தாலும் என்கிட்ட சொல்லலாம், நான் உன்னை ஏச மாட்டேன்" என்று ஒருமுறை சொல்லி, அதை நடத்தையில் காட்டுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் நம்புங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பிள்ளையின் பெயரை வெளியிடக்கூடாது.

தாக்கம் வரும்போது வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் மூச்சை நிதானப்படுத்துங்கள். பிள்ளை இடித்துக்கொள்ளாதபடி அருவாமனை, அடுப்பு, கல், கட்டில் முனை போன்றவற்றை விலக்கி, தலைக்கு அடியில் மடித்த துணியோ பாயோ வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். அசைவில்லாமல் துவண்டு கிடந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள்; பிடித்தால் உதறல் கூடும், தோள் பிசகும். வாயில் கரண்டி, துணி, தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிப்பது நம்மூரில் யாரும் கேட்காமலே நடக்கும். அதனால் எந்த இழுப்பும் நிற்பதில்லை. தாக்கம் தானாக அடங்கும் நேரத்தில் இரும்பு கையில் இருந்ததால் அதற்குப் பேர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். விரல்களைப் பிரித்துத் திணிப்பதில் காயம் படுவதும், கூரான சாவி கண்ணருகே போவதும் உண்மையான ஆபத்துகள்.

பிறகு கூட்டத்தைக் கலையுங்கள். என் கணக்கில் வீட்டார் செய்யும் உதவிகளில் இதுவே பெரியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்பினால்தான் ஓடிவருகிறார்கள்; ஆனால் பதினைந்து பேர் சுற்றி நின்று "ஐயோ, பிள்ளைக்கு என்னாச்சு" என்று அலறும் இடத்தில் எந்த மூளையும் அமைதிக்குத் திரும்பாது. தாக்கம் இல்லாத ஒரு நாளில் தெருவில் இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவர்களே மற்றவர்களைத் தள்ளி நிற்கச் செய்வார்கள்.

ஒருவர் மட்டும் அருகில் அமர்ந்து, சின்னக் குரலில், "நான் இங்கதான் இருக்கேன். உனக்கு ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரத்துல விட்டுரும்" என்று இடைவெளி விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். பேர் சொல்லிக் கத்த வேண்டாம், உலுக்க வேண்டாம். தெளிந்ததும் தண்ணீர் கொடுத்து, சற்று ஓய்வெடுக்க விட்டு, பத்து இருபது நிமிடத்தில் அது விட்ட வேலையைத் தொடரச் சொல்லுங்கள். தாக்கம் எப்படி இருந்தது என்று அன்று முழுவதும் வீட்டில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

எப்போது 108-ஐ அழைக்க வேண்டும்?

இதுவரை மருத்துவரிடம் காட்டாத பிள்ளைக்கு முதன்முதலாக வரும் எந்தத் தாக்கத்துக்கும் அழையுங்கள். நோய் இன்னதென்று உறுதியான பிள்ளையாக இருந்தாலும், தண்ணீருக்குள் தாக்கம் வந்தால், தலையில் அடிபட்டால், உதடு நீலமானால், மூச்சு விடச் சிரமப்பட்டால், காய்ச்சலோடு வந்தால், அல்லது வழக்கமான தாக்கத்திலிருந்து மாறுபட்டுத் தெரிந்தால் தயங்காமல் அழையுங்கள். வலிப்புநோயும் சேர்ந்து உள்ள பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுப்பு நீடித்தால் அவசரநிலை. இவை எதுவும் இல்லாமல், வழக்கம்போல் வந்த தாக்கம் பத்து நிமிடம் நீண்டது என்பதற்காக மட்டும் ஓட வேண்டுமா, எத்தனை நிமிடம் பொறுக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டால் நிற்கிறதே, போட்டுவிட்டால் என்ன?

வலிப்பை நிறுத்தும் ஊசிமருந்துகளான மிடசோலாம், லோரசிபாம், டயசிபாம் ஆகியவை தூக்கத்தைத் தருபவை. வலிப்புநோயில் அவை உயிர் காக்கும். உங்கள் பிள்ளையின் தாக்கத்துக்கு அவை மருந்து அல்ல. மயக்கத்தில் ஆழ்த்துவதால் உதறல் நின்றதுபோல் தெரிகிறது. நிற்கவில்லை என்று மேலும் மேலும் கொடுத்தால் மூச்சு குறைந்து, செயற்கை சுவாசம் வரைக்கும் போய்விடலாம். இரவில் அறிமுகமில்லாத மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் காட்டுவதற்காக, உங்கள் மருத்துவரின் கையெழுத்தோடு நோயின் பெயர், வழக்கமான தாக்கத்தின் வடிவம், எது தேவை எது தேவையில்லை என்று எழுதிய ஒரு தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருங்கள். கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள்.

தாக்கம் வரப்போவது முன்பே தெரியுமா? தடுக்க முடியுமா?

பல பிள்ளைகளுக்கு ஒரு முன்னறிகுறி இருக்கும். யாரும் கேட்காததால் அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். பிடரி கனப்பது, விரல் நுனி மரப்பது, நெஞ்சு படபடப்பது, பேச்சுக்குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்பது, மூச்சு வேகமாக வாங்குவது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. அந்த அரை நிமிடத்தில் பிள்ளையின் கவனத்தை உள்ளே இருக்கும் பயத்திலிருந்து வெளியே இருக்கும் உலகத்துக்குத் திருப்பப் பழக்கினால், தாக்கம் வராமலே போகலாம் அல்லது சிறிதாக முடியலாம்.

கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, காதில் விழும் மூன்று, மூக்குக்கு எட்டும் இரண்டு, நாக்கில் உணரும் ஒன்று என்று எண்ணச் சொல்லும் பயிற்சியை மனநல ஆலோசகர்கள் கற்றுத்தருவார்கள். அதை நம்மூருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கரையில் கட்டியிருக்கும் வல்லங்களின் நிறத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பையில் ஒரு சொரசொரப்பான சிப்பியை வைத்திருக்கச் சொல்லி அதன் வரிகளை விரலால் எண்ணச் சொல்லுங்கள். கருவாட்டு வாசனையும் ஒரு கணக்குத்தான். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவதும் உதவும். இதைத் தாக்கம் வரும் நேரத்தில் தொடங்கினால் பலிக்காது. தாக்கம் இல்லாத நாள்களில், தினமும் இரண்டு முறை, நீங்களும் உட்கார்ந்து சேர்ந்து செய்ய வேண்டும். கொந்தளிக்கும்போது வலை பின்னக் கற்றுக்கொள்ள முடியாது அல்லவா?

சிகிச்சை என்ன, எங்கே கிடைக்கும்? மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

சிகிச்சை பெரும்பாலும் பேச்சும் பயிற்சியும். எண்ணம், உணர்வு, உடல் மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தூண்டுகின்றன என்பதைப் பிள்ளைக்குப் புரியவைத்து, அந்தச் சங்கிலியை இடையில் அறுக்கக் கற்பிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், பெற்றோரைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசும் குடும்ப ஆலோசனையும் முக்கியமானவை. கூடவே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கு மருத்துவர் மருந்தும் தரலாம்.

வலிப்புநோய் மாத்திரைகள் இந்தத் தாக்கத்தைக் குறைப்பதில்லை. இருந்தாலும், ஏற்கெனவே சாப்பிட்டுவருகிற மாத்திரையை நீங்களாக ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவதே உண்மையான வலிப்பைக் கொண்டுவரலாம். நரம்பியல் மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார்.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். நரம்பியல் பரிசோதனைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம். பேருந்துச் செலவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இலவசமாக, தமிழில், எந்நேரமும் பேசலாம். மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. நரம்பியல் மருத்துவர் "மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்று சொன்னதும் தாங்கள் கைவிடப்பட்டதாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். சரியான கதவைத்தான் அவர் காட்டியிருக்கிறார். ஆனாலும் ஒருமுறை மறுபார்வைக்கு வரலாமா என்று அவரிடம் கேட்டு வையுங்கள்.

பேய் பிடித்திருக்கிறது, ஏர்வாடிக்குக் கொண்டுபோங்கள் என்கிறார்கள் பெரியவர்கள். போகலாமா?

தர்காவுக்குப் போவதையோ, மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுவதையோ, குலசாமிக்கு நேர்ந்துகொள்வதையோ நான் தடுக்கமாட்டேன். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தினரும் தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். அங்கே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்த அம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் வருகிறது என்றால், அந்த அமைதி பிள்ளைக்கும் நல்லது. நம்பிக்கையோடு சண்டை போட்டுக் குடும்பத்தை இரண்டாகப் பிரிப்பதால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.

ஆனால் ஒரு கோடு உண்டு, அதைத் தாண்ட விடாதீர்கள். அடிப்பது, வேப்பிலையால் விளாசுவது, மிளகாய்ப் புகை போடுவது, சூடு வைப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது எதுவும் கூடாது, யார் சொன்னாலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன்பின் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, எவரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. துவாவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்ற எண்ணத்தில் தர்காவிலேயே அரசு மனநல மருத்துவ உதவி கிடைக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. தாத்தா பாட்டியிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். தர்காவே மருத்துவருக்கு இடம் கொடுத்திருக்கிறது என்பது அவர்கள் ஏற்கக்கூடிய பேச்சு.

"உன் மேல ஒண்ணு ஏறியிருக்கு" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். தன் உடம்பு தன்னுடையது இல்லை என்ற பயம் ஏற்கெனவே அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது.

பள்ளியில் வந்தால்? ஆசிரியர்கள் உடனே அழைத்துப்போகச் சொல்கிறார்களே.

ஆசிரியர்களைக் குறைசொல்ல முடியாது, அவர்களுக்குப் பயம். தலைமை ஆசிரியரையும் வகுப்பாசிரியரையும் நேரில் பார்த்து, மருத்துவரின் தாளைக் கொடுத்து, தாக்கம் வந்தால் செய்ய வேண்டியவற்றை நான்கு வரியில் சொல்லுங்கள்: மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புவது, ஒருவர் மட்டும் அருகில் இருப்பது, அமுக்காமல் இருப்பது, தெளிந்ததும் ஒரு தனியிடத்தில் கால்மணி நேரம் ஓய்வு கொடுத்து மீண்டும் வகுப்பில் உட்கார வைப்பது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு அனுப்பினால் பாடம் போகும், நண்பர்கள் போவார்கள், பள்ளி என்றாலே பயம் என்று ஆகிவிடும். "எனக்கு ஒருமாதிரி இருக்கு" என்று பிள்ளை சைகை காட்டினால் கேள்வி கேட்காமல் வெளியே போக விடும் ஓர் ஏற்பாடும் வேண்டும். பல மாதம் வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளையை முதல் வாரம் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் அரைநாள் என்று திரும்ப அனுப்பலாம். படிப்பே சுமையாக இருப்பதாகத் தெரிந்தால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருப்பது உறுதியானால் பொதுத்தேர்வில் சலுகைகள் உண்டு.

கவனம் கொடுத்தால் கூடும் என்கிறார்கள், கொடுக்காவிட்டால் மனது கேட்கவில்லை.

கவனத்தைக் குறைக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். தாக்கத்தின்போது அமைதியான, குறைவான கவனம். மற்ற நேரத்தில் தாராளமான கவனம். தாக்கம் வந்த நாளில் மட்டும் மடியில் படுக்க வைத்து, கேட்டதை வாங்கிக்கொடுத்து, சண்டையை நிறுத்தி, மற்ற நாளில் யாரும் திரும்பிப் பார்க்காத வீட்டில், பிள்ளை எதையும் திட்டமிடாமலே, அதன் உடல் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. தினமும் கால்மணி நேரம், கைப்பேசி இல்லாமல், நோயைப் பற்றிப் பேசாமல், பிள்ளையோடு இருங்கள். மீன் ஆய்ந்துகொண்டே பேசினாலும் சரிதான்.

தங்கைக்கும் தொற்றிக்கொள்ளுமா?

தொற்றாது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை பயந்துபோயிருப்பாள்; அவளிடமும் உட்கார்ந்து விளக்குங்கள், அக்காளைக் காவல் காக்கும் பொறுப்பை அவள்மேல் போடாதீர்கள்.

பிள்ளையின் வாப்பா துபாயில் இருக்கிறார். தாக்கம் வந்தால் அவருக்கு வீடியோ அழைப்பில் காட்டச் சொல்கிறார்.

காட்ட வேண்டாம். அங்கிருந்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவருடைய பதற்றமும் திரையில் சேர்ந்து கேட்கும். தெளிந்த பிறகு, பிள்ளையே அவரிடம் அன்றைய நாளைப் பற்றிப் பேசட்டும். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அவரை அழைப்பில் சேர்த்தால், இரண்டு பேரும் ஒரே விளக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். அப்பா ஒன்று, அம்மா ஒன்று சொல்லும் வீட்டில் பிள்ளைக்கு யாரையும் நம்ப முடிவதில்லை.

பெண் பிள்ளை. ஃபிட்ஸ் என்று பேர் வந்துவிட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?

இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் கடைசியில், எழுந்து போகும்போது, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். உங்கள் மகளுக்கு இருப்பது வலிப்புநோய் அல்ல, குணமாகக்கூடியது என்பது ஒன்று. வலிப்புநோயே இருந்தாலும் அது மணவாழ்வுக்குத் தடை அல்ல. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தகுதியின்மையாக இருந்த வலிப்பு 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது என்பது இன்னொன்று. பேருக்குப் பயந்து சிகிச்சையை மறைப்பதும், "கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்று பதினெட்டு வயதுக்கு முன்பே பேசி முடிப்பதும்தான் அவள் வாழ்க்கையைக் கெடுக்கும். முன்னதைச் செய்தவர்களுக்காக வருந்துகிறேன், பின்னது குற்றம்.

எவ்வளவு நாளில் சரியாகும்?

தேதி சொல்ல முடியாது. நோய் சீக்கிரம் கண்டறியப்பட்டு, வீடும் பள்ளியும் மருத்துவரும் ஒரே பேச்சைப் பேசினால், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள். இடையில் பரீட்சையோ, வீட்டில் ஓர் இழவோ, புயல் எச்சரிக்கையோ வந்தால் நின்றிருந்த தாக்கம் திரும்பலாம். அப்போது எல்லாம் வீணாயிற்று என்று நினைக்காமல், கற்றுக்கொண்ட பயிற்சிக்குத் திரும்புங்கள். தாக்கத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, சிரிக்கிறதா, நண்பர்களோடு சண்டை போடுகிறதா என்றும் பாருங்கள். எண்ணிக்கை குறையும் முன்பே இவை திரும்பத் தொடங்கும்.

கடலில் குளிக்க விடலாமா? படகில் ஏற்றலாமா?

தாக்கங்கள் அடிக்கடி வரும் காலத்தில் கடல், ஊரணி, கிணற்றடி மூன்றிலும் தனியாக விடாதீர்கள். தாக்கம் எந்த வகையானாலும் தண்ணீருக்குள் மூச்சுத் திணறல் ஒன்றுதான். கடலை அடியோடு தடுத்தால், கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. நீந்தத் தெரிந்த, நோயைப் பற்றித் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இடுப்பளவு தண்ணீரில், அலை அடங்கிய பாக் நீரிணைப் பக்கமாகக் குளிக்கட்டும். படகில் ஏறினால் உயிர்காப்புச் சட்டை கட்டாயம். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்காரவைக்காமல் நடுவில் உட்கார வையுங்கள். பாய்மரத்தில் ஏறுவதும், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்காருவதும், மொட்டைமாடி விளிம்பும் இப்போதைக்கு வேண்டாம். மூன்று நான்கு மாதம் தாக்கமில்லாமல் கழிந்தால், அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது கட்டுப்பாடுகளில் எதைத் தளர்த்தலாம் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளையையே கேட்க விடுங்கள்.